ஒரு மடங்குக்கும் குறைவு

என் உடம்பில் வேறு எதற்கும் கிடைக்காத மரியாதை என் இரத்தத்துக்கு மட்டும் கிடைத்துக்கொண்டிருந்தது. அதுவும் வைரஸ் ஊறிய இரத்தம். ஹெபடைட்டிஸ் பி, அம்மாவிடமிருந்து பிறக்கும்போதே எனக்கு வந்து சேர்ந்தது. கல்லீரலில் குடியேறி, வாடகையும் கொடுக்காமல், காலி செய்யவும் மாட்டேன் என்று இத்தனை வருடமாகச் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. தங்கை பிறந்தபோது தடுப்பூசி வந்துவிட்டது. பிறந்த அன்றே அவளுக்குப் போட்டுவிட்டார்கள். அவள் தப்பித்தாள், நான் மாட்டினேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவளுக்குத்தான் தீராத வருத்தம். நன்றாகப் படித்தவள், என்னென்னவோ ஆகியிருக்கலாம். இரத்தப் பரிசோதனைப் படிப்புதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

இன்று ஒரு கல்லீரல் ஆஸ்பத்திரியின் லேப் முழுக்க அவள் கையில். வீட்டில் இன்னும் அவள் பெயர் பாப்பா. நாற்பதை நெருங்குகிற பாப்பா. கோபம் வந்தால் குளிர்பெட்டிகூட ஒரு நிமிடம் இரைச்சலை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்கும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்ட்டை ஓட வைப்பது என் வேலை. இதில் ஒரு கொடுமை உண்டு. லிஃப்ட் நின்றால்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். லிஃப்ட் நின்றுவிட்டதால் நாங்கள் படியேறித்தான் மெஷின் இருக்கும் உச்சிக்குப் போக வேண்டும். ஊரில் எல்லாரையும்விட அதிகமாகப் படி ஏறுகிறவன் லிஃப்ட்காரன்தான். அதனால் என் நெஞ்சு கல் மாதிரி என்று எனக்கு ஒரு பெருமை.

அந்தப் பெருமைதான் என்னை லேப் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆஸ்பத்திரியின் டாக்டரம்மாவுக்கு ஒரு கவலை. கல்லீரல்காரர்கள் கல்லீரலால்தான் சாவார்கள் என்று எல்லாரும் முன்வாசலில் காவல் இருக்கிறோம், இதயம் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறது என்பார். இந்த வைரஸ் கல்லீரலோடு நிற்பதில்லை, சிலருக்கு இதயத்தையும் மெல்ல அரிக்கிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம். இதயம் திணறினால் அதன் சுவர் விரியும். விரியும்போது ஒரு புரதத்தை இரத்தத்தில் கசியவிடும். அதை அளந்தால் வலி வருவதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும். எனவே ஒவ்வொரு திங்கட்கிழமையும் கல்லீரல் நோயாளிகளுக்கு அந்தச் சோதனை.

சிக்கல் என்னவென்றால், எங்கள் ஆட்களின் இரத்தம் கலங்கல். இருக்கக்கூடாத என்னென்னவோ அதில் மிதக்கும். நோயில்லாதவர்களுக்காகப் போட்ட அளவை அப்படியே எங்களுக்கு வைத்தால் சரிப்படாது என்று டாக்டரம்மா நினைத்தார். "நம்ம ஆளுங்களுக்கு நம்ம ஆளையே அளவா வெச்சா என்ன?" என்றார். வைரஸும் இருக்க வேண்டும், இதயமும் திடமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆளுக்கு எங்கே போவது? தங்கை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்க அண்ணன் இருக்காரு" என்றாள்.

இப்படித்தான் நான் ஸ்கேல் ஆனேன். திங்கட்கிழமை காலையில் முதல் ஊசி எனக்கு. மெஷின் என் எண்ணைச் சொல்லும். பிறகு மற்றவர்களின் எண்ணைச் சொல்லும். தங்கை அவர்கள் எண்ணை என் எண்ணால் வகுப்பாள். அறிக்கையில் போவது வெறும் மடங்குதான். ஸ்கேலுக்கு ஒரு மடங்கு என்றால் நிம்மதி. இரண்டைத் தாண்டினால் டாக்டரம்மா கூப்பிட்டு உட்கார வைத்து இதயத்தை ஸ்கேன் எடுப்பார். கூடத்தில் காத்திருப்பவர்கள் எல்லாரும் என்னை 'ஸ்கேல் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். சின்ன வயதிலிருந்து எனக்குத் தனித் துண்டு, தனி பிளேடு. கல்யாணப் பேச்சு நடந்தபோது என் இரத்தத்தைப் பற்றி மூன்று வீட்டில் பேசி மூன்று வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள், நாலாவது வீட்டில்தான் பெண் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட இரத்தத்தை ஒரு டாக்டர் எடுத்து வைத்துக்கொண்டு, எல்லாரும் இந்த மாதிரி இருங்கள் என்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பஞ்சு ஒட்டிய கையைத் திங்கட்கிழமை முழுக்க மடக்கிக்கொண்டே திரிவேன்.

என் கூட்டாளியை அங்கே அழைத்துப் போனதும் நான்தான். எங்கள் கம்பெனியில் அவனுக்குப் பெயர் பாதாளம். லிஃப்ட்டுக்குக் கீழே ஒரு குழி இருக்கும். எண்ணெயும் அழுக்கும் தேங்கிய அந்த இருட்டில் இறங்கி வேலை செய்ய அவனுக்குத்தான் பொறுமை. நான் உச்சியில் மெஷின் ரூம், அவன் அடியில் குழி. பல வருடமாக இப்படித்தான். கம்பெனி மருத்துவச் சோதனையில் அவனுக்கும் இந்த வைரஸ் இருப்பது தெரிந்ததும் ஒரு வாரம் வாயைத் திறக்காமல் கிடந்தான். எனக்கும் இருக்குடா என்று நான் சொன்ன அன்றுதான் சாப்பிட்டான்.

முதல் தடவை அவனுக்கு இரண்டரை மடங்கு வந்தது. ஸ்கேனில் இதயம் கொஞ்சம் சோர்ந்திருக்கிறது என்று தெரிந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதினார். படி ஏறாதே, பாரம் தூக்காதே என்று கண்டிப்பாகச் சொன்னார்.

"குழியில இறங்கலாமா டாக்டர்?" என்று கேட்டான்.

"ஏன், அங்க என்ன புதையலா இருக்கு?"

"இல்ல டாக்டர், சோறு இருக்கு" என்றான். டாக்டரம்மா சிரித்துவிட்டு, இறங்கலாம் என்றார்.

அதன்பிறகுதான் அந்த நல்ல காலம் தொடங்கியது. எல்லாரும் குணமானார்கள். ஒருவர் இருவர் இல்லை, வரிசையாக. மூன்று மடங்கு இருந்த தையல்கார அம்மாவுக்கு இரண்டு ஆனது. இரண்டு இருந்தவர்கள் ஒன்றரைக்கு இறங்கினார்கள். பாதாளத்துக்கு இரண்டரை இரண்டானது, ஒன்றரையானது, ஒன்றானது. டாக்டரம்மா வைரஸுக்குப் புதிதாக ஒரு மாத்திரை கொடுக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. மாத்திரை கல்லீரலை மட்டுமல்ல, இதயத்தையும் காப்பாற்றுகிறது என்று அவர் முகம் மலர்ந்துபோனது. பெரிய மருத்துவர்கள் கூடும் மாநாட்டில் இதைப் பேசப் போவதாகச் சொன்னார். கூடத்தில் காத்திருப்பவர்கள் முன்பெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அரட்டையும் சிரிப்புமாக, சந்தைக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

அதே நாட்களில் ஒரு திங்கட்கிழமை, மெஷின் திரையில் என் எண் நூற்று முப்பது என்று வந்தது. வழக்கமாக எழுபது, எண்பதைத் தாண்டாது.

"கிட்டு கெட்டுப்போச்சு" என்றாள் தங்கை, சோதனைக்கு ஊற்றும் மருந்துப் பெட்டியைச் சொல்கிறாள். "வர்ற வழியில வெயில்ல போட்டு வச்சிருப்பானுங்க."

புது கிட் வரவழைத்தாள். இருநூற்றுப் பத்து. குளிர்பெட்டியைச் சந்தேகப்பட்டு அதை மாற்றச் சொன்னாள். தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். கரண்டைச் சந்தேகப்பட்டாள். புதிதாக வேலைக்கு வந்த பெண்ணைச் சந்தேகப்பட்டு அழ வைத்தாள். எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அவள் சந்தேகப்படாத ஒரே பொருள் நான்தான்.

"அப்ப மத்தவங்க நம்பரும் ஏறியிருக்கணுமே?" என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"அவங்கதான் மாத்திரையில கொறஞ்சுட்டு வராங்களே! கிட்டு ஏத்திக் காட்டுது, மாத்திரை எறக்குது. ரெண்டும் சேர்ந்து அதே எடத்துல நிக்கறாப்பல தெரியுது. உன்னால வகுத்தா எல்லாம் சரியாயிடும். அதுக்குத்தானே ஸ்கேல்!"

எவ்வளவு அழகான கணக்கு பாருங்கள். எந்தப் பக்கம் தட்டினாலும் ஓட்டை தெரியாது. எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததற்குக் காரணம், அந்தச் சமயம் சாயங்காலமானால் கால் வீங்கி, செருப்பு கடிக்க ஆரம்பித்திருந்தது. மூன்றாம் மாடி போவதற்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பையில் எதையோ தேடுகிற மாதிரி நிற்க ஆரம்பித்திருந்தேன். கிட் கெட்டுவிட்டது என்று ஒருத்தி அடித்துச் சொல்லும்போது, நான் ஏன் அதை மறுக்க வேண்டும்?

மெஷின் கம்பெனியிலிருந்து ஒரு எஞ்ஜினியர் வந்தார். ஒல்லியான ஆள், அவர் பை அவரைவிடக் கனமாக இருந்தது. மெஷினைப் பிரித்து, துடைத்து, மாட்டி, கம்பெனியிலிருந்தே எண் குறித்துப் பாட்டிலில் வந்த இரத்தத்தை ஊற்றி ஓட்டிப் பார்த்தார். அன்று நானும் பஞ்சும் கையுமாக அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"மேடம், திரும்பத் திரும்ப ஓட்டிட்டேன். டாண்ணு வருது. மெஷின்லயும் ஒண்ணுமில்ல, கிட்டுலயும் ஒண்ணுமில்ல."

"அப்ப யாருக்கு கோளாறு? எனக்கா?"

"அப்படிச் சொல்லல மேடம்."

"உங்க பாட்டில்ல இருக்கறது நோயே பாக்காத ரத்தம். எங்க ஆளுங்க ரத்தத்துல ஓட்டினாத்தான் உங்க கிட்டோட லட்சணம் தெரியும். இவரு எத்தனை வருஷமா எழுபது எண்பதுலயே நின்னவரு தெரியுமா? இன்னிக்கு நானூறு காட்டுது. வெக்கமா இல்ல?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். என் முகத்தை, பிறகு என் காலை. "சாருக்கு உடம்பெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். தங்கை இருக்கும்போது பதில் சொல்ல என்னை யார் விட்டார்கள்?

"எங்க அண்ணனைப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு? தினம் பத்து மாடி ஏறி எறங்கறவரு. மெஷினைப் பாக்க வந்தீங்களா, மனுஷனைப் பாக்க வந்தீங்களா?"

நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு சிரிப்பு சிரித்தேன். எஞ்ஜினியர் பையைத் தூக்கிக்கொண்டார். வாசல் வரை போய்விட்டு ஒரு தடவை நின்றார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கை முறைத்த முறைப்பில் அதை அப்படியே விழுங்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் ஒருத்தி மட்டும் இந்த ஸ்கேல் பெருமைக்கெல்லாம் மசியவில்லை. என் மனைவி. விடுமுறை நாளில் தங்கை வீட்டுக்கு வந்தபோது பொறுக்க முடியாமல் ஆரம்பித்தாள்.

"பாப்பா, நீயாவது கேளு. உங்க அண்ணன் ஒரு தலகாணி வச்சுத் தூங்கினவரு. இப்ப மூணு அடுக்கி, உக்காந்தபடியே தூங்கறாரு. படுத்தா மூச்சு முட்டுதாம். கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு."

"வயசாகுதில்ல அண்ணி. தொப்பையைக் கொறைக்கச் சொல்லுங்க. நீங்களும் சமையல்ல எண்ணெயைக் கொறைங்க."

"சுத்திச் சுத்தி என் சமையலுக்கே வந்துட்டியா?"

"கோவிச்சுக்காதீங்க. வாராவாரம் அவரு ரத்தத்தைப் பாக்கறவ நான். அண்ணனுக்கு ஏதாவதுன்னா எனக்குத் தெரியாம இருக்குமா?"

"பாக்கறது நீ. பக்கத்துல படுக்கறது நான்" என்றாள் என் மனைவி.

தங்கையின் முகம் சிவந்துவிட்டது. இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நான் யார் பக்கம் என்று சொல்ல வேண்டிய நேரம். "நல்லாத்தான் இருக்கேன், ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டு, வாசல் பக்கம் போய் நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். பயம்தான். வேறென்ன? எனக்கு நோய் என்றால் நான் ஸ்கேல் இல்லை. ஸ்கேல் இல்லை என்றால் மறுபடி தனித் துண்டும் தனி பிளேடும்தான் என்று மனசு ஏதோ ஒரு கிறுக்குக் கணக்கைப் போட்டது.

பாதாளத்துக்கு 'ஒரு மடங்குக்கும் குறைவு' என்று அறிக்கை வந்த அன்று அவன் ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காகிதத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"அண்ணே, உங்களையே தாண்டிட்டேன் பாத்தீங்களா! இனிமே என்னைத்தான் ஸ்கேலா வைக்கணும். உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க."

"உன் ரத்தத்துல பாதி குழி எண்ணெய்டா. மெஷின் அடைச்சுக்கும்."

டாக்டரம்மா அவன் தோளில் தட்டி, இனிமேல் படியேறலாம், பழையபடி வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி என் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். பிள்ளை பெரியவளாகிற வரைக்கும் இவர் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன், இனிப் பயமில்லை என்றாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்திலிருந்து அழைப்பு. லிஃப்ட் நடுமாடியில் நின்றுவிட்டது, நல்லவேளை உள்ளே யாரும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டின் அடியில் நின்று மேலே அண்ணாந்து பார்த்தேன். மலைப்பாக இருந்தது. அவ்வளவு படி இதற்கு முன் என் கண்ணில் பட்டதே இல்லை.

பாதாளம் என் முகத்தைப் பார்த்தான். பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "நீங்க குழியில இருங்கண்ணே. இன்னிக்கு நான் உச்சி. இத்தனை வருஷம் உங்களை அண்ணாந்து பாத்து என் கழுத்து சுளுக்கிடுச்சு. ஒரு நாளு நீங்க பாருங்க."

"டாக்டரம்மா சொன்னாங்கன்னு ஓடாதடா. மெதுவா ஏறு."

"ஒரு மடங்குகூட இல்லண்ணே நானு!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, படிகளில் விசிலடித்தபடி போனான். விசில் முதலில் நன்றாகக் கேட்டது. பிறகு விட்டு விட்டுக் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

நான் குழியில் இறங்கினேன். நல்ல மத்தியானம், ஆனால் குழிக்குள் வெளிச்சம் வராது. கையில் டார்ச். தலைக்கு மேலே லிஃப்ட்டின் அடிப்பாகம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிய இடுக்கு வழியாகச் சுரங்கம் மாதிரி மேலே மேலே இருட்டு. போனைக் காதில் வைத்திருந்தேன். அவன் பெரிதாக மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"என்னடா, ஸ்கேலு மூச்சு வாங்குது?"

"வந்துட்டேண்ணே. கதவைத் தொறந்துட்டேன். ஒரு நிமிஷம். கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

"உக்காரு, உக்காரு. அவசரமில்ல."

"நெஞ்சு என்னமோ..." என்றான். அப்புறம் போன் தரையில் விழுந்த சத்தம் வந்தது.

கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். போனை விட்டுவிட்டு அந்தச் சுரங்கத்துக்குள் தலையை நீட்டி அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கம்பெனியில் யாரும் சொல்லாத அவன் உண்மைப் பெயரை. என் குரல் மேலே போய்த் திரும்பி வந்தது. கயிறுகள் அசையாமல் நின்றன.

குழியிலிருந்து ஏறி வெளியே வருவதற்குள் எனக்குக் கண் இருட்டியது. படிக்கட்டுக்கு ஓடினேன். இரண்டாவது மாடியில் கால் நின்றுவிட்டது. மூச்சு உள்ளே போக மறுத்தது. கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து இன்னொரு மாடி ஏறினேன். அதற்கு மேல் முடியவில்லை. அவன் உச்சியில் செத்துக்கொண்டிருக்கிறான், நான் படியில் குந்திக்கொண்டு வாயைப் பிளந்து காற்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். தரை துடைக்கிற ஒரு பெண்தான் என்னைப் பார்த்து விளக்குமாற்றைப் போட்டுவிட்டு மேலே ஓடினாள். அவள் திரும்பி இறங்கி வந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடி ஏறியவள் நடந்து இறங்கினாள்.

அவனை எடுத்துப் போன அன்று அவன் மனைவி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவரு நல்லா இருக்காருன்னு உங்க தங்கச்சி சொன்னாங்களேண்ணே?" சண்டை இல்லை, சாபம் இல்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள். அதற்கு அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

திங்கட்கிழமை லேபுக்குப் போனேன். கூடத்தில் வழக்கமான கூட்டம். யாரையும் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். தங்கை அழுது வீங்கிய முகத்தோடு ஊசியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டவில்லை.

"அவனோட போன வார ரத்தம் மிச்சம் இருக்குமில்ல? அதை மறுபடி ஓட்டு. என்னை விட்டுடு. அந்த எஞ்ஜினியர் விட்டுட்டுப் போன பாட்டிலோட ஓட்டு."

"எதுக்குண்ணா இப்ப..."

"ஓட்டுன்னா ஓட்டு!"

அவளிடம் நான் குரலை உயர்த்தியதே கிடையாது. உறைபெட்டியைத் திறந்து அவன் சின்ன டியூபை எடுத்தாள். உருகும் வரை அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மெஷினில் வைத்தாள். இருவரும் இரண்டு முக்காலியில் உட்கார்ந்தோம். மெஷின் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

கம்பெனி பாட்டிலின் எண் முதலில் வந்தது. இம்மி பிசகாமல் சரியாக இருந்தது. அடுத்து அவனுடையது. நானூற்று இருபது.

"நல்ல இதயத்துக்கு எவ்வளவு இருக்கணும்?"

"நூத்துக்குக் கீழ" என்றாள்.

"அப்ப போன வாரம் அவனுக்கு எவ்வளவு காட்டுச்சு?"

"இதேதான் காட்டுச்சு."

"மெஷின் சரியாத்தானே சொல்லியிருக்கு? அப்புறம் ஏன் கம்மின்னு எழுதிக் குடுத்த? அவன் படியேறலாம்னு ஏன் சொன்னீங்க?" முக்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன். "என்ன பண்ணித் தொலைச்ச பாப்பா?"

"உன்னால வகுத்தேன்" என்றாள்.

சொல்லி முடித்தபோதுதான் அவளுக்கே அது உறைத்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் அது நடந்ததை நான் பார்த்தேன். கோபம், அழுகை, வருத்தம் எல்லாம் அந்த முகத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. திரையில் போன திங்கட்கிழமையைத் தேடி எடுத்தாள். அவன் எண்ணுக்கு மேல் வரிசையில் என்னுடையது இருந்தது. அறுநூற்று நாற்பது.

"கிட்டு கோளாறுன்னியே" என்றேன்.

அவள் விரலால் அந்த இரண்டு எண்களையும் மாறி மாறித் தொட்டாள்.

"கிட்டு கோளாறுதானே பாப்பா?" ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று இருந்தது எனக்கு. செத்தவனை ஒரு நிமிடம் மறந்தேபோனேன். அவ்வளவு கேவலமான ஆசை அது.

"அண்ணா" என்றாள். "அவருக்கு உன்னைவிடக் கம்மி."

நான் எழப் போனேன். ஏன் என்று தெரியவில்லை, தண்ணீர் குடிக்கவோ, வெளியே போகவோ.

"எழுந்திரிக்காத!" என்று கத்தினாள். இத்தனை வருடத்தில் அவள் கத்தி நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். எல்லாம் கோபக் கத்தல். இது அது இல்லை. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். ஒருத்தருக்கு ரொம்ப மோசமாக இருக்கிறது, உடனே இதய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். டாக்டரம்மா மாநாட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார் போல. மறுமுனையில் அவருடைய நிதானமான குரல் எனக்கும் கேட்டது.

"பதறாதே. அவருக்கு எத்தனை மடங்கு?"

தங்கை என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணு டாக்டர்" என்றாள். "எப்பவுமே ஒண்ணுதான் வரும். இது எங்க அண்ணன்."

கதவுக்கு வெளியே கூடத்தில் யாரோ எதற்கோ சத்தமாகச் சிரித்தார்கள். குணமாகிவிட்டோம் என்று நம்புகிறவர்கள், கூடம் நிறைய. தங்கை போனைக் காதில் வைத்தபடியே மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். எனக்குச் சாக விருப்பமில்லை. அதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று பெரிதாக மூச்சை இழுத்தேன். அது பாதியிலேயே நின்றுவிட்டது.